மூட்டு மாற்றிய பிறகும் முட்டியின் முன்பக்கம் வலி: சில்லுக்குப் பட்டன் வைத்தால் தீருமா?

1 · கேட்டவர் · 4 மார்ச், காலை 7.15

முழங்கால் மூட்டு மாற்றி எட்டு மாதம். சமதளத்தில் நடந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. படி இறங்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் முட்டியின் முன்பக்கம் பிடித்து வலிக்கிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். முதல் அறுவையில் சில்லுக்குப் பட்டன் வைக்கவில்லை. அதை இப்போது வைத்துவிட்டால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார். ஒரு வருடம் பொறுங்கள், தானாகப் போய்விடும் என்று இன்னொருவர். எதைக் கேட்பது?

2 · அறுவை அரங்கு · 4 மார்ச், இரவு 9.50

வலி எதனால் என்று இருவருமே சொல்லவில்லை. அது தெரியாமல் கத்தி வைப்பதும் தவறு, காத்திருப்பதும் தவறு.

முதலில் பட்டன் விஷயம். சில்லின், அதாவது முட்டிக்கு முன்னால் இருக்கும் சிறு எலும்பின், உட்புறத்தைச் சீவி, பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வில்லை ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டுவதைத்தான் பட்டன் என்கிறோம். அமெரிக்காவில் பெரும்பாலான மூட்டு மாற்றுகளில் இதை வைக்கிறார்கள். ஸ்வீடனில் வைப்பது மிக அரிது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை எழுதும் நைஸ் அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வைக்கும் பக்கம் சாய்ந்தது. இத்தனை வருடமாக இந்த வாதம் ஓடுவதற்குக் காரணம், பட்டன் வைத்தவர்களுக்கும் முன்பக்க வலி வருகிறது, வைக்காத பலர் வலியே இல்லாமல் நடக்கிறார்கள் என்பதுதான். ஆகவே பட்டன் இல்லை என்பதாலேயே அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

வலி நீடிப்பதால் பிறகு தனியாகப் பட்டன் வைத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர்தான் திருப்தியாக இருக்கிறார்கள். மீதிப் பேருக்கு இரண்டாவது அறுவையின் தழும்பும் பழைய வலியும் மிச்சம். அந்த மூன்றாவது ஆள் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிந்தால்தான் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும்.

3 · அறுவை அரங்கு · 4 மார்ச், இரவு 10.20

படி இறங்கும்போது மட்டும் ஏன்? நடக்கும்போது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே அழுத்தம் உடல் எடையில் பாதி அளவுதான். படிக்கட்டில் அது மூன்று மடங்குக்கு மேல் போகிறது. ஆழமாகக் குந்தினால் ஏழெட்டு மடங்கு. ஆகவே படியிலும் நாற்காலியிலும் மட்டும் வரும் வலி சில்லு, அது ஓடும் பள்ளம், அதை இழுக்கும் முன்தொடைத் தசை, இந்த மூன்றின் பக்கம் கைகாட்டுகிறது. படுத்திருக்கும்போதும் இரவிலும் வலித்தால் கதை வேறு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

4 · பிசியோ மேசை · 5 மார்ச், காலை 6.40

டாக்டர் சொன்னதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்து, வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையால் முட்டி முழுவதையும் தடவிக் காட்டுபவருக்கும், ஒற்றை விரலை ஒரே புள்ளியில் வைப்பவருக்கும் தேட வேண்டிய இடம் வேறு வேறு.

சில்லின் மேல் விளிம்பில் புள்ளியாக வலித்தால் முன்தொடைத் தசைநாண், அல்லது அங்கே உருவான தழும்புக் கட்டி. கீழ் விளிம்பில் என்றால் சில்லுத் தசைநாண், அதன் பின்னால் உள்ள கொழுப்புத் திண்டு. சில்லின் வெளிப்பக்க ஓரம் என்றால் சில்லு வெளிப்புறமாகச் சாய்ந்து உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். உட்பக்கத்தில், மூட்டுக் கோட்டுக்கு மூன்று நான்கு விரல் கீழே என்றால் அங்கே வந்து ஒட்டும் தசைநாண்களுக்கு அடியிலுள்ள நீர்ப்பை. தழும்பின் மேலேயே சுரீரென்று மின்சாரம் போல் ஓடினால் தோல் நரம்பு.

இதை எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போங்கள். "முட்டி வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் எக்ஸ்ரேதான் கிடைக்கும்.

5 · கேட்டவர் · 5 மார்ச், மாலை 8.05

ஒற்றை விரல் வைக்க முடியவில்லை. சில்லுக்கு அடியில், கொஞ்சம் வெளிப்பக்கமாக. மடக்கி நீட்டும்போது கரகரவென்று ஒரு சத்தமும் வருகிறது.

6 · அறுவை அரங்கு · 5 மார்ச், இரவு 10.00

சத்தத்தில் இரண்டு வகை. கரகரப்பு மட்டும் இருந்து வலி இல்லையென்றால் விட்டுவிடலாம். உலோகத்தின் மேல் சில்லும் அதைச் சுற்றிய சவ்வும் நகர்வதால் வரும் ஓசை அது, பலருக்கும் உண்டு.

இன்னொன்று, மடக்கிய காலை நீட்டும்போது ஏறக்குறைய 30 முதல் 45 பாகைக்குள் ஓரிடத்தில் சிக்கி, "டக்" என்று விடுபடுவது. சில்லின் மேல் முனைக்குச் சற்று மேலே, தசைநாணின் உட்புறத்தில் நார்க்கட்டி ஒன்று வளர்ந்து, தொடை உலோகத்தின் நடுவிலுள்ள பெட்டிப் பள்ளத்துக்குள் விழுந்து வெளியே வரும் சத்தம் அது. பின்பக்கச் சிலுவைத் தசைநாரை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நடுவில் தண்டு வைத்த வகை மூட்டுகளில்தான் பெரும்பாலும் இது வரும். பழைய வடிவங்களில் பெட்டிப் பள்ளம் அகலமாகவும் முன்னால் வரை நீண்டும் இருந்ததால் அதிகம் வந்தது.

விரலைச் சில்லுக்கு மேலே வைத்துக்கொண்டு காலை மெதுவாக நீட்டினால் கையிலேயே தெரியும். இந்தக் கட்டியைப் பயிற்சி கரைக்காது. துளை வழி அறுவையில் கட்டியைச் சுரண்டி எடுத்தால் பெரும்பாலோருக்குத் தீர்ந்துவிடுகிறது. முன்பக்க வலிகளிலேயே சின்ன அறுவையில் நம்பிக்கையோடு முடியும் ஒன்று இருக்கிறதென்றால் இதுதான்.

7 · அறுவை அரங்கு · 7 மார்ச், காலை 5.30

இரவு வலி, ஓய்வில் வலி பற்றி. எட்டு மாதம் ஆன முழங்காலில் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் கிருமித் தொற்று இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். காய்ச்சல் வேண்டும், சீழ் வடிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். மெதுவாக வளரும் கிருமிகள் வலியும் லேசான வீக்கமும் மட்டும் கொடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டும் பாருங்கள். நாட்பட்ட தொற்றுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் எல்லை: சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராம், ஈ.எஸ்.ஆர். மணிக்கு 30 மில்லிமீட்டர். சில ஆய்வகங்கள் சி.ஆர்.பி.யை டெசிலிட்டர் கணக்கில் கொடுக்கும். அப்போது எல்லை 1. அலகைப் பார்க்காமல் "2 தானே, குறைவுதான்" என்று விட்டுவிடும் ஆபத்து இங்கே உண்டு. முடக்குவாதம் போன்ற வேறு அழற்சி நோய் இருந்தாலும் இந்த எண்கள் கூடும்.

எண் கூடியிருந்தாலோ, எண் சரியாக இருந்தும் சந்தேகம் விலகாவிட்டாலோ, மூட்டு நீரை ஊசியில் எடுத்துச் சோதிக்க வேண்டும். வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 3000-க்கு மேல், அதில் நியூட்ரோபில் என்ற வகை 80 சதவீதத்துக்கு மேல் என்றால் தொற்றின் பக்கம் பலமாகச் சாயும். கிருமி வளர்ப்புச் சோதனையை 14 நாள் வரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நாளில் மூடிவிட்டால் சில கிருமிகள் தப்பிவிடும்.

ரொம்ப முக்கியமானது: ஊசியில் மூட்டு நீரை எடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கக் கூடாது. "வலிக்கிறதா, ஒரு கோர்ஸ் போட்டுப் பார்க்கலாம்" என்று எழுதிக் கொடுத்தால் நோய் குணமாகாது, ஆதாரம் மட்டும் அழியும். அதே போல, தொற்று இல்லை என்று தெரியும் வரை மாற்றிய மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

8 · புதிய வாசகர் · 7 மார்ச், காலை 11.10

அறுவை முடிந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. முட்டி சூடாக இருக்கிறது. இதுவும் தொற்றா?

9 · பிசியோ மேசை · 7 மார்ச், பிற்பகல் 1.25

ஐந்து வாரத்தில் சூடும் வீக்கமும் எதிர்பார்க்கக் கூடியவை. சூடு ஆறு மாதம் வரையிலும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போகும். போக்குதான் முக்கியம். இந்த வாரம் போன வாரத்தைவிடக் குறைவாக இருந்தால் நல்லது. குறைந்துவந்தது திடீரென்று கூடினாலோ, தழும்பு கசிந்தாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்ட வேண்டும். கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தாலும் அப்படித்தான், அது ரத்த உறைவாக இருக்கலாம். படுத்துக்கொண்டு நீட்டிய காலைத் தூக்க முடிந்தவருக்குத் திடீரென்று தூக்கவே முடியாமல் போனால் தசைநாண் அறுந்திருக்கலாம், சில்லு உடைந்திருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

10 · அறுவை அரங்கு · 10 மார்ச், இரவு 9.15

முதலில் கேட்டவரின் "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது" என்ற வரிக்குத் திரும்புகிறேன். எந்த எக்ஸ்ரே? நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று மட்டும் எடுத்திருந்தால் அதில் சில்லு பள்ளத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது. முழங்காலை 45 பாகை போல மடக்கி, சில்லை விளிம்போடு பார்க்கும் ஸ்கைலைன் படம் வேண்டும். சில்லு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, வெளிப்புறம் நழுவியிருக்கிறதா, அதன் வெளிப்பக்க எலும்பு உலோகத்தில் நேரடியாக உரசுகிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்றபடி எடுக்கும் நீளப் படமும் வேண்டும்.

இத்தனை எடுத்தாலும் எக்ஸ்ரேயில் தெரியாதது ஒன்று உண்டு: உலோகப் பகுதிகள் திரும்பியிருக்கும் கோணம். தொடை உலோகமோ கீழ்க்கால் தட்டோ உட்புறமாகத் திரும்பிப் பொருத்தப்பட்டிருந்தால் சில்லு ஒவ்வொரு மடக்கிலும் வெளிப்புறம் இழுபடும். இதை அளக்க சி.டி. ஸ்கேன் வேண்டும். தொடை உலோகத்தைத் தொடை எலும்பின் இரு பக்க மேடுகளையும் இணைக்கும் கோட்டோடு ஒப்பிடுவார்கள். கீழ்க்கால் தட்டைச் சில்லுத் தசைநாண் ஒட்டும் மேட்டோடு ஒப்பிடுவார்கள். அந்த மேட்டின் நுனியிலிருந்து தட்டு 18 பாகை உட்புறம் பார்ப்பது இயல்பு.

1998-இல் பெர்கர் குழு வெளியிட்ட அளவுகளை இன்னும் பலர் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பகுதிகளின் மிகையான உட்திருப்பத்தையும் கூட்டினால் 1 முதல் 4 பாகை என்றால் சில்லு சாயும், 3 முதல் 8 என்றால் பாதி நழுவும், 7 முதல் 17 என்றால் முழுதாக விலகும் அல்லது பட்டன் சீக்கிரம் கெடும். எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பதைக் கவனியுங்கள். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு அறுவை முடிவெடுக்க முடியாது. படத்தில் சாய்வும், கையால் பார்க்கும்போது அதே இடத்தில் வலியும், சி.டி.யில் கோணமும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

திருப்பம்தான் காரணம் என்று உறுதியானால் பட்டன் வைப்பதில் பயனில்லை. சாய்ந்த பள்ளத்தில் புது வில்லையை ஓடவிட்டால் அதுவும் சாய்ந்தே ஓடும். உலோகப் பகுதியையே கழற்றி மாற்ற வேண்டியிருக்கும்.

11 · பிசியோ மேசை · 11 மார்ச், காலை 6.55

டாக்டர் அறுவைக்குப் போகிறார், நான் தசைக்கு இழுக்கிறேன். மூட்டு மாற்றிய முதல் மாதத்தில் முன்தொடைத் தசையின் பலம் அறுவைக்கு முன் இருந்ததில் பாதிக்கும் கீழே போகிறது. ஒரு வருடம் ஆன பிறகும் பலருக்கு நல்ல காலின் அளவுக்கு வருவதில்லை. தொற்றும் இல்லை, தளர்ச்சியும் இல்லை, படங்களும் சரி என்று சொல்லப்படும் முன்பக்க வலியில் பெரும் பங்கு இந்தப் பலவீனத்தின் மேல்தான் நிற்கிறது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை: 45 சென்டிமீட்டர் உயர நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? எண்ணிக்கையோடு, எந்தக் கால் மேல் சாய்ந்து எழுகிறீர்கள் என்றும் பாருங்கள். நல்ல காலைப் பின்னால் இழுத்து அதன் மேல் எழுபவர் மாற்றிய காலுக்கு வேலையே கொடுக்கவில்லை. அடுத்தது, படுத்து முட்டிக்குக் கீழே துணிச்சுருள் வைத்துக் காலை நீட்டுங்கள். வேறொருவர் தூக்கி நீட்டினால் முழுதாக நீளும் கால் தானாக நீட்டும்போது 5, 10 பாகை குறைந்து நின்றால் தசை போதவில்லை.

12 · பிசியோ மேசை · 11 மார்ச், இரவு 8.30

பயிற்சி. எல்லோருக்கும் ஒரே தாள் கொடுப்பதில்தான் பாதிப் பிரச்சினை, ஆகவே காரணத்தோடு சொல்கிறேன்.

வலி இருக்கும்போது சில்லின் மேல் அழுத்தம் குறைவான கோணங்களில் தொடங்க வேண்டும். கால் தரையில் ஊன்றியிருக்கும் பயிற்சிகளில் 0 முதல் 45 பாகை வரை அழுத்தம் குறைவு. கால் தொங்கிக்கொண்டு நீட்டும் பயிற்சிகளில் நேர்மாறு: 90-இலிருந்து 45 வரை பரவாயில்லை, கடைசி 45 பாகையில் எடை கட்டினால் சில்லுக்குப் பாரம் கூடும். நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலில் மணல் பை கட்டிக்கொண்டு முழுதாக நீட்டுவது எல்லாத் தாளிலும் இருக்கிறது. முன்பக்க வலி உள்ளவர் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

அதற்குப் பதிலாக: சுவரில் முதுகைச் சாய்த்து 30, 40 பாகை வரை மட்டும் இறங்கி ஐந்து விநாடி நிற்பது, 10 முறை, மூன்று சுற்று. முட்டிக்குப் பின்னால் ரப்பர் பட்டையை மாட்டி, நின்றபடி கடைசி சில பாகைகளை நீட்டுவது, 15 முறை, மூன்று சுற்று. பக்கவாட்டில் படுத்து மேல்காலை நேராக, கொஞ்சம் பின்னோக்கித் தூக்குவது, 12 முறை, மூன்று சுற்று. கடைசியில் சொன்னது இடுப்புக்கு. அதை விடாதீர்கள். இடுப்பின் பக்கத் தசை தளர்ந்தால் தொடை உட்புறம் திரும்பும், சில்லு வெளிப்புறம் போகும்.

படிப் பயிற்சி 10 சென்டிமீட்டர் பலகையில் ஆரம்பம். கண்ணாடி முன் நின்று முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே விழாமல் 15 முறை இறங்க முடிந்தால் 15 சென்டிமீட்டர், பிறகு 20. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினமும் செய்தால் தசை தேற நேரமில்லை. இப்படி 12 வாரம் போனால்தான் பலன் பற்றி ஏதாவது சொல்ல முடியும். மூன்று வாரத்தில் "பிசியோ செய்தும் சரியாகவில்லை" என்று எழுதிவிடக் கூடாது.

தசை சுருங்கவே மறுப்பவருக்கு மின்தூண்டல் கருவி உதவும், முக்கியமாக முதல் ஆறு வாரத்தில். விநாடிக்கு 50 துடிப்பு, ஒரு அமர்வில் 15 சுருக்கம், தாங்கக்கூடிய அதிகபட்ச அளவில். லேசாகக் கூசும் அளவில் வைத்தால் பயனில்லை, தசை கண்ணுக்குத் தெரியும்படி இறுக வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

13 · கேட்டவர் · 19 மார்ச், காலை 7.40

பலகைப் பயிற்சி செய்த அன்று வலி கூடுகிறது. நிறுத்தவா?

14 · பிசியோ மேசை · 19 மார்ச், காலை 9.00

பத்துக்கு நான்கு வரை கூடலாம், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கினால் தொடருங்கள். இறங்காவிட்டால் பலகையின் உயரத்தைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். சில்லின் நடுவில் டேப் சுற்றி அளந்து பாருங்கள். பயிற்சிக்குப் பின் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடி மறுநாளும் அப்படியே இருந்தால் அளவு மீறியது. வீங்கிய மூட்டு முன்தொடைத் தசையைத் தானே அடக்கி வைக்கும், அப்போது எத்தனை சுற்று செய்தாலும் பலம் ஏறாது. துணி சுற்றிய ஐஸ் பொதி 15 நிமிடம் வைக்கலாம்.

சைக்கிள் ஓட்டுபவர்கள் இருக்கையை உயர்த்தி வையுங்கள். முழுச் சுற்று சுற்றவே 105 பாகை போல மடங்க வேண்டும். இருக்கை தாழ்ந்தால் இன்னும் அதிகம் கேட்கும், சில்லு அழுந்தும்.

15 · அறுவை அரங்கு · 23 மார்ச், இரவு 10.40

11-ஐத் திரும்பப் படித்தபோது ஒன்று சேர்க்கத் தோன்றியது. பலவீனம் போலவே தெரிந்து பலவீனமாக இல்லாத ஒரு நிலை உண்டு: மடக்கும்போது மூட்டு தளர்ந்திருப்பது. நீட்டினால் இறுக்கமாக இருக்கும், படுக்க வைத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும். 90 பாகை மடக்கியதும் ஆடும். இவர்கள் சொல்வதும் அதேதான்: படி இறங்கப் பயம், நாற்காலியிலிருந்து எழும்போது முன்பக்க வலி. கூடவே அடிக்கடி நீர் கோத்து வீங்கும். முட்டியின் உட்பக்கத் தசைநாண்கள் ஒட்டுமிடத்தில் தொட்டால் வலிக்கும், மூட்டைப் பிடித்து வைக்கத் தசைகள் ஓயாமல் வேலை செய்வதால்.

கட்டிலில் கால் தொங்க உட்காரவைத்து, 90 பாகையில் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. லேசான தளர்ச்சிக்குப் பயிற்சி போதும். 12-இல் உள்ளதை ஒழுங்காகச் செய்தும் வீக்கம் திரும்பத் திரும்ப வந்தால் அறுவையாளர் மறுபடி பார்க்க வேண்டும்.

16 · தழும்பு வலி · 26 மார்ச், மாலை 6.10

தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருக்கிறது. மண்டியிட்டால் ஊசி குத்துவது போல் இருக்கிறது. மண்டியிடுவதால் உள்ளே ஏதாவது கழன்றுவிடுமா?

17 · பிசியோ மேசை · 26 மார்ச், இரவு 9.20

கழலாது. புண் நன்றாக ஆறிய மூட்டு மண்டியிடுவதால் கெடுவதில்லை. முட்டியின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் ஓடும் தோல் நரம்புக் கிளைகளை நேர்வெட்டு குறுக்கே அறுக்கிறது. மரப்பு அதனால்தான். பரப்பு ஒன்றிரண்டு வருடத்தில் சுருங்கும், சிலருக்கு ஒரு திட்டு நிலைத்துவிடும்.

முதலில் மெத்தை மேல் இரண்டு கையும் ஊன்றி அரை நிமிடம், பிறகு தரையில் தடித்த திண்டு, பிறகு மெல்லிய விரிப்பு. பாரம் சில்லின் மேல் வராமல் அதற்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் விழும்படி இடுப்பைப் பின்னால் வைக்கவும். தழும்பைத் தினமும் ஐந்து நிமிடம் முதலில் பஞ்சால், பிறகு பருத்தித் துணியால், பிறகு சொரசொரப்பான துண்டால் தடவிப் பழக்குங்கள். நரம்பின் மிரட்சி குறையும்.

18 · அறுவை அரங்கு · 27 மார்ச், காலை 5.50

விரலால் தட்டினால் ஒரே புள்ளியில் மின்சாரம் ஓடினால் அங்கே நரம்பு முடிச்சு இருக்கலாம். அந்தப் புள்ளியில் தோலுக்கு அடியில் மட்டும் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து ஒன்றிரண்டு மில்லி போட்டு, அரைமணி நேரத்துக்குள் படி ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்கலாம். வலி முழுதாகப் போனால் மூட்டுக்குள் தேட வேண்டியதில்லை. எரிச்சல், லேசாகத் தொட்டாலே வலி, தோல் நிறம் மாறுவது, வியர்ப்பது எல்லாம் சேர்ந்திருந்தால் நரம்பு வலி மருத்துவரிடம் சீக்கிரம் போக வேண்டும். அந்த வலிக்கு டுலோக்செட்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகள்தான். சாதாரண வலி மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. அந்த நிலையில் மூட்டை மறுபடி திறந்தால் வலி பெருகவே வாய்ப்பு அதிகம்.

19 · இன்னொரு வாசகர் · 2 ஏப்ரல், காலை 10.30

நிக்கல் அலர்ஜி என்கிறார்களே?

20 · அறுவை அரங்கு · 2 ஏப்ரல், இரவு 9.45

கோபால்ட்-குரோம் உலோகத்தில் நிக்கல் சிறிதளவு உண்டு. தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனையில் நிக்கல் ஒத்துக்கொள்ளாத பலர் இதே மூட்டோடு வலியின்றி நடக்கிறார்கள். ஆகவே அந்தச் சோதனை மட்டும் காரணத்தைச் சொல்லாது. மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகு கடைசியாக யோசிக்க வேண்டியது இது.

21 · அறுவை அரங்கு · 6 ஏப்ரல், இரவு 10.15

எண்களில் இன்னும் இரண்டு, சில்லின் தடிமனும் உயரமும். சில்லின் இயல்பான தடிமன் 22 முதல் 25 மில்லிமீட்டர். பட்டன் வைத்தால் சீவிய எலும்பும் பட்டனும் சேர்ந்து பழைய தடிமனையே தர வேண்டும், எலும்பு குறைந்தது 12 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும். மொத்தம் கூடினால் முன்பக்கம் திணித்தது போல் இறுகி, மடங்குவது குறைந்து வலிக்கும். எலும்பு மெலிந்தால் சில்லு உடையும். விழாமலேயே உடையலாம், வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரியவரும். தொடை உலோகத்தை முன்னால் தள்ளிப் பொருத்தினாலும், தேவைக்குப் பெரிய அளவை வைத்தாலும் பட்டன் இல்லாமலேயே இந்தத் திணிப்பு வரும். அறுவைக்கு முன் எடுத்த பக்கவாட்டுப் படத்தையும் பின் எடுத்ததையும் அருகருகே வைத்தால் தெரிந்துவிடும்.

உயரத்துக்கு, பக்கவாட்டுப் படத்தில் சில்லுத் தசைநாணின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுங்கள். 0.8 முதல் 1.2 வரை இயல்பு. 0.8-க்குக் கீழே போனால் தசைநாண் தழும்பேறிச் சுருங்கி, சில்லு கீழே இறங்கியிருக்கிறது. சில சமயம் இந்த எண் சரியாக இருந்தும் சில்லு பிளாஸ்டிக் தட்டின் விளிம்பில் முட்டும். மூட்டுக் கோடே மேலே ஏறிவிட்டால் அப்படி ஆகும். பெரும்பாலும் தடித்த தட்டு வைத்ததன் விளைவு. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு, எண்ணை மட்டும் பார்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

22 · பிசியோ மேசை · 8 ஏப்ரல், காலை 6.30

இடுப்பைப் பார்க்காமல் முட்டியை முடிக்காதீர்கள். மல்லாந்து படுத்து, இடுப்பையும் முட்டியையும் 90 பாகை மடக்கி, தொடையை உட்புறம் திருப்பும்போது முட்டியின் முன்பக்கம் அதே வலி வந்தால் இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுங்கள். கீழ்முதுகின் மூன்று, நான்காம் நரம்பு வேர்களும் தொடையின் முன்பக்கம் வழியாக முட்டிக்கு வலியை அனுப்பும்.

23 · கேட்டவர் · 3 மே, மாலை 7.20

சி.ஆர்.பி. 3, ஈ.எஸ்.ஆர். 18. ஸ்கைலைன் படத்தில் சில்லு நடுவில் இருக்கிறது, ஆனால் வெளிப்பக்கம் இடைவெளியே இல்லை, எலும்பு உலோகத்தைத் தொடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். சி.டி.யில் திருப்பம் இயல்பு. பயிற்சி ஆறு வாரம் ஆகிறது. எழுவது சுலபமாகியிருக்கிறது, இறங்குவது இன்னும் வலிக்கிறது. இப்போது பட்டன் பற்றி என்ன சொல்வீர்கள்?

24 · அறுவை அரங்கு · 3 மே, இரவு 10.30

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கலாம். தொற்று இல்லை, திருப்பம் சரி, சில்லின் எலும்பு உலோகத்தில் உரசுவது படத்தில் தெரிகிறது, வலி அதே இடத்தில், அதே அசைவில். பட்டன் பலன் தரக்கூடியவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். ஆனாலும் 12 வாரப் பயிற்சியில் பாதிதான் முடிந்திருக்கிறது, எழுவது சுலபமாகியிருக்கிறது. முன்னேற்றம் நடந்துகொண்டிருக்கும்போது அறுவை வேண்டாம். 12 வாரம் முடிந்து, அடுத்து ஆறு வாரம் எந்த மாற்றமும் இல்லாமல் நின்றுவிட்டால் பேசுங்கள். அப்போது மூட்டு மாற்றி ஏறக்குறைய ஒரு வருடமும் ஆகியிருக்கும்.

2-இல் மூன்றில் இரண்டு என்று சொன்னது எல்லாரையும் சேர்த்த கணக்கு. அதில் காரணம் தேடாமல் வைத்துக்கொண்டவர்களும் அடக்கம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: பட்டன் இல்லாத மூட்டுகளில் மறு அறுவை அதிகம் என்று ஆய்வுகள் காட்டுவதற்கு ஒரு பங்கு காரணம், அங்கே செய்வதற்கு ஒன்று மிச்சம் இருக்கிறது என்பது. பட்டன் ஏற்கெனவே வைத்த முட்டி இதே அளவு வலித்தாலும் யாரும் கத்தியை எடுப்பதில்லை.

அறுவையாளரிடம் மூன்றைக் கேளுங்கள். சீவிய பின் எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிஞ்சும்? இப்போதுள்ள தொடை உலோகத்தின் பள்ளத்துக்குப் பொருந்தும் பட்டன் அதே நிறுவனத்தில் கிடைக்கிறதா? வெளிப்பக்க இறுக்கத்தைத் தளர்த்த வேண்டியிருந்தால் சில்லுக்குப் போகும் மேல் வெளிப்புற ரத்தக் குழாயைக் காப்பாற்ற முடியுமா? அது அறுந்தால் சில்லுக்கு ரத்தம் குறைந்து பிறகு உடையக்கூடும்.

25 · பிசியோ மேசை · 4 மே, காலை 6.20

முதல் அறுவைக் குறிப்பின் நகலும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரும் கையில் இருக்க வேண்டும். மூட்டின் வகை, அளவு, தட்டின் தடிமன் எல்லாம் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கும். இரண்டாவது கருத்துக்கு வேறு அறுவையாளரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இறங்கும்போது வலி மிஞ்சியிருப்பதால் பயிற்சியில் ஒரு மாற்றம்: பலகையில் ஏறுவதை நிறுத்திவிட்டு இறங்குவதை மட்டும் செய்யுங்கள். நல்ல காலால் ஏறி, மாற்றிய காலை மேலே ஊன்றியபடி மனதுக்குள் நான்கு எண்ணும் நேரம் எடுத்து நல்ல காலின் குதிகாலைத் தரையில் தொட வையுங்கள். 10 சென்டிமீட்டர், 8 முறை, மூன்று சுற்று, ஒரு கை கம்பியில். வீட்டுப் படியில், வலி குறையும் வரை, ஒவ்வொரு படியிலும் மாற்றிய காலை முதலில் கீழே வைத்து இறங்குங்கள்.